பல்லி பல்லி

முதல் நாள், மெர்லயனுக்கு நூறடி முன்னால்
பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல்:
பல்லி! பல்லி!
பஸ்ஸை ஓரங்கட்டி
சீட்டுக்கடியில் குனிந்து தேடினேன்.
நாற்பத்திரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.
வழிகாட்டி உன்பி சிரித்து ஓய்ந்தபின் சொன்னாள்,
சீக்கிரம் போகச் சொல்கிறார்கள் அங்கிள்.

எங்கள் வீட்டில் பல்லி சொன்னால்
திசை பார்ப்பார்கள், பலன் பார்ப்பார்கள்.
இங்கே சொன்னால்
மூன்றுக்கு மரினா பே,
நாலுக்கு செந்தோசா.

நான் கொரியா போனதில்லை.
கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்,
தலைக்கு மேலே, ஒரு சாண் அகலத்தில்.
ஒரே தினுசில் தொப்பி போட்ட நான்கு அக்காமார்,
ஒரே துணியில் சட்டை தைத்துக்கொண்ட புதுஜோடி,
ஹோட்டல் சாப்பாட்டை நம்பாமல்
டப்பா நிறைய கிம்ச்சியோடு ஏறிய குடும்பம்.
அந்த வாசம் மூன்று நாள் என் சட்டையை விடவில்லை.
ஊறுகாய் பாட்டில் உடைஞ்சுதா என்றாள் மனைவி.

சொற்களைச் சிவப்பு விளக்குகளில் சேர்த்தேன்.
சாஜின் என்றால் போட்டோ.
ஹ்வாஜாங்ஷில் என்றால்
எந்தச் சாலையானாலும் கழிவறை தேடு.
முல் என்றால் தண்ணீர்.
எனக்கோ அது நாக்கில் முள்ளாகவே வருகிறது.
முள் வேண்டுமா என்று பாட்டிலை நீட்டுவேன்,
குடித்துவிட்டு நன்றி சொல்வார்கள்.
என்னை அவர்கள் கூப்பிடுவது கிசாநிம்.
ஓட்டுநர் ஐயா.
இருபது வருஷ ஸ்டியரிங்கில்
அந்த ஐயாவை எனக்கு வேறு யாரும் போட்டதில்லை.

ஒரு ஞாயிறு துணிந்து தஞ்சோங் பகார் போனேன்,
மேசைக்குள்ளேயே கரியடுப்பு எரியும் கடை.
எம்ஆர்டியில் ஒத்திகை பார்த்த முழு வாக்கியத்தை
பரிமாற வந்த பெண்ணிடம் சொன்னேன்.
விழித்தாள்.
ஸாரி அங்கிள், நான் மியன்மார்,
மெனுவில் இருக்கிறது மட்டும்தான் தெரியும்.
எனக்கு பஸ்ஸில் கேட்டது மட்டும்தான் தெரியும் என்றேன்.
பெயர் தின்சா.
அவள் எனக்குப் பதினான்கு பதார்த்தம் கற்றுத்தந்தாள்,
நான் அவளுக்குக் கழிவறை, போட்டோ, பல்லி.
சுட்ட மீன் வந்தது, ஏகப்பட்ட முள்.
முல் கேட்டேன்.
தண்ணீரே கொண்டுவந்தாள்.

போன மாதம், ஃபேபர் மலையில்
எல்லோரும் படமெடுக்க இறங்கிப் போனபிறகும்
முன்சீட்டுக்காரர் ஒருவர் இறங்கவில்லை.
கைபேசியை நீட்டினார்.
மொட்டைத்தலை, பச்சைச் சீருடை, முழங்கால்வரை பனி.
ஆதுல், என்றார். குண்டே.
ஆதுல் தெரியும், மகன்.
குண்டே என்றதைக் குண்டு என்று எடுத்துக்கொண்டேன்.
ராணுவமாம். பெரிய தப்பில்லை.
நானும் என்னுடையதை எடுத்தேன்:
தெக்கோங் தீவு, மொட்டை, பச்சை, வேர்வை.
ஆதுல், என்றேன். குண்டே.
கைபேசிகளை மாற்றிக்கொண்டு
அடுத்தவர் பிள்ளையை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.
வெளியே ஏதோ ஒரு குழந்தை
அப்பா என்று கத்தியது.
இரண்டு பேருமே திரும்பினோம்.

சாங்கியில் பெட்டி இறக்கும்போதுதான் எப்போதும் சிக்கல்.
போகிறவருக்கு இருப்பவர் சொல்வது காசேயோ,
நலமாகப் போங்கள்.
இருப்பவருக்குப் போகிறவர் சொல்வது கேசேயோ,
நலமாக இருங்கள்.
நானும் கிளம்புகிறவன்தானே,
எனக்கு எது?
அதை விடு, போயிட்டு வாங்க என்பதற்கு
உங்களிடம் சொல்லே இல்லையா என்றேன் உன்பியிடம்.
இருக்கு அங்கிள்,
ஆனால் அது வீட்டு ஆட்களுக்கு மட்டும்.

தாந்யோ ஓசேயோ.
மூன்று முறை சொல்லிப்பார்த்தேன்,
நான்காவதை முன்சீட்டுக்காரரிடம் சொன்னேன்.
தள்ளுவண்டியை நிறுத்தினார்.
என் உச்சரிப்பைத் திருத்தினார்,
இரண்டு தடவை, கறாராக.
பிறகு கையை விடவில்லை.
பின்னால் டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான்.
பல்லி, பல்லி என்றேன்,
யாரைப் பார்த்து என்று தெரியாமல்.